பள்ளத்தூர் வீட்டை இப்போது விற்கலாமா, பொறுக்கலாமா? காரைக்குடியில் மனை வாங்கினால் விலை ஏறுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது: பர்மாவில் சம்பாதித்த உங்கள் ஐயா (அப்பாவின் தந்தை) 1930-களில் பள்ளத்தூரில் கட்டிய வீடு, அவர் 1964-இல் உயில் எழுதாமல் காலமானார், ஆண் மக்கள் நால்வர், பெண் மக்கள் இருவர், இன்று நான்கு ஆண் வழிகளிலும் சேர்த்து ஏழு பங்காளிகள், அவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், ஒரு தரகர் முழு வீட்டுக்கும் 1.40 கோடி ரூபாய் சொல்கிறார். இப்போது கொடுக்கலாமா, இரண்டு ஆண்டு பொறுத்தால் விலை கூடுமா, உங்கள் பங்குக்கு வரும் பணத்தில் காரைக்குடியில் ஒரு மனை வாங்கிப் போட்டால் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே விலைப்போக்கின் கேள்விகளாக நீங்கள் கருதுவதாகத் தெரிகிறது. உண்மையில் பள்ளத்தூர் வீட்டின் விலையும் காரைக்குடி மனையின் விலையும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்த்து நகர்வதில்லை. உங்கள் விஷயத்தில் பெரிய இடையூறு விலையிலும் இல்லை, பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

நான் காரைக்குடியிலிருந்து தொழில் செய்யும் கட்டடப் பொறியாளன். வங்கிகளுக்கும் குடும்பங்களுக்கும் சொத்து மதிப்பீடு எழுதிக் கொடுப்பது பல ஆண்டுகளாக என் முதன்மையான வேலை. கட்டடம், நிலம், விலை ஆகியவற்றைப் பற்றி நான் சொல்வதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வாரிசுரிமை, வருமான வரி ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதைத் தொழிலில் அடிக்கடி எதிர்ப்பட்ட அளவில் சொல்கிறேன், அவற்றை ஒரு வழக்கறிஞரிடமும் பட்டயக் கணக்கரிடமும் உறுதி செய்துகொள்வது அவசியம். உங்கள் பத்திரங்களையும் வீட்டையும் பார்க்காமல் 1.40 கோடி சரியான விலையா என்று சொல்வது முறையாகாது. அதைச் சரிபார்க்கும் வழியைச் சொல்ல முடியும்.

செட்டிநாட்டில் ஒரு பழைய வீட்டை வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். மூவரும் மூன்று விதமாகக் கணக்குப் போடுகிறார்கள். முதலாமவர் வீட்டைப் பிரித்து விற்பவர். அவர் முகப்பில் நின்று தூண்களை எண்ணுவார், நிலைக்கதவின் அகலத்தை அளப்பார், உள்கூடமான பட்டாலையின் உத்தரங்களையும் மேல்மாடியின் மரவேலையையும் பார்ப்பார், வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டில் கல் தூணா மரத் தூணா என்று பார்ப்பார், பர்மா தேக்கு எத்தனை கன அடி தேறும் என்று மனத்துக்குள் கூட்டுவார், அதிலிருந்து ஆள்கூலியையும் வண்டிக்கூலியையும் கழித்துவிட்டு மனையின் விலையைச் சேர்ப்பார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளும் தூண்களும் பெரும்பாலும் அப்படிப் பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவைதான். இரண்டாமவர் வீட்டை விடுதியாக்க நினைப்பவர். கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை விடுதிகளாக நடப்பதைப் பார்த்துப் பலர் ‘எங்கள் வீடும் அப்படி ஆகாதா’ என்று கேட்கிறார்கள். அத்தகையவர் முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, தோட்டம் எல்லாம் குலையாமல் இருக்கிறதா, பேருந்து நிற்குமிடம் இருக்கிறதா, குளியலறைகளை எங்கே சேர்ப்பது என்று பார்ப்பார். நல்ல விலை கொடுப்பார். ஆனால் அவர்கள் மிகச் சிலர், வாங்க வேண்டிய வீடுகளோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மூன்றாமவர் தானே குடியிருக்கவோ பங்காளிகளின் பங்குகளை வாங்கி முழு வீட்டையும் தன் பெயருக்குக் கொண்டுவரவோ நினைக்கும் உறவினர். அவர் கொடுக்கும் விலையில் கணக்கைவிடப் பாசமும் கௌரவமும் கூடுதலாக இருக்கும், அதனால் அது எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஆகவே முதலில் உங்கள் தரகர் இந்த மூவரில் யாருக்காகப் பேசுகிறார் என்று கேளுங்கள். மரத்துக்காக வருபவரின் விலை வீட்டின் அடிமட்ட விலை. அதற்குக் கீழே கொடுக்க வேண்டியதில்லை என்பது உறுதி. அதை நீங்களே மதிப்பிடலாம்: பத்திரத்தின்படி மனையின் பரப்பைச் சென்ட்டில் எடுத்துக்கொண்டு, அதே தெருவில் கடந்த இரண்டு ஆண்டுகளில் பதிவான வெற்று மனைகளின் விலையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விற்பனைப் பத்திர நகல்களைப் பெற்றுத் தெரிந்துகொண்டு, அதனுடன் மரம், கல், தரைக்கல் ஆகியவற்றின் மதிப்பை ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரைக் கொண்டு கூட்டிப் பாருங்கள். வாய்வழியாக வரும் ‘பக்கத்து வீடு இன்ன விலைக்குப் போனது’ என்ற செய்தியை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆண்டுக்குச் சில வீடுகள் மட்டுமே கைமாறும் ஓர் ஊரில் ஒரு விற்பனை மற்றொன்றுக்கு விலை வைக்காது. அந்த வீட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை அறைகள் இடிந்திருந்தன, எவ்வளவு மரம் ஏற்கனவே போய்விட்டது என்பதெல்லாம் அந்த விலைக்குள் மறைந்திருக்கும்.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. எண்பது, தொண்ணூறு ஆண்டு பழைய கட்டடத்துக்கு வங்கிகள் எளிதில் கடன் கொடுப்பதில்லை, ஏனெனில் கட்டடத்தின் எஞ்சிய ஆயுளைப் பார்த்துத்தான் கடனின் காலத்தை முடிவு செய்கிறார்கள். அதனால் கையில் முழுப் பணம் வைத்திருப்பவர் மட்டுமே இந்த வீடுகளை வாங்க முடிகிறது. 2025 பிப்ரவரி தொடங்கி ஜூன் வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனின் வட்டியான ரெப்போ வட்டியை 6.5 விழுக்காட்டிலிருந்து 5.5 விழுக்காட்டுக்குக் குறைத்தபோது காரைக்குடியில் வீட்டுக்கடன் வாங்கிக் கட்டுபவர்களுக்கு அது பயன்பட்டது. பள்ளத்தூர் வளவு வீட்டுக்கு அதனால் ஒரு புதிய வாடிக்கையாளரும் வந்திருக்க வழியில்லை. யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலைப் பற்றியும் தரகர்கள் பேசுவார்கள். செட்டிநாட்டின் ஊர்த் தொகுப்புகள் 2014-இல் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன என்பது உண்மை. உத்தேசப் பட்டியல் என்பது பரிந்துரைக்கு முந்தைய படி மட்டுமே. அதைச் சொல்லி விலை கூட்டிக் கேட்பதில் தவறில்லை, அதை நம்பிப் பொறுத்திருப்பதைத்தான் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி. ஏழு பங்காளிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஐயாவின் இரண்டு பெண் மக்கள், அதாவது உங்கள் அத்தைமார், அந்தக் கணக்கில் இல்லை. நம் ஊர் வழக்கத்தில் ஆண் மக்களுக்கு ஆளுக்கொரு அறை, பெண் மக்களுக்குச் சீர் என்பதால் அது இயல்பாகப் பலருக்கும் விடுபட்டுப் போகிறது. ஆனால் 1956 ஜூன் 17-இல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் இல்லாமல் அதன் பிறகு இறந்த ஒருவருடைய தன் சம்பாத்தியச் சொத்தில் மகன்களுக்கும் மகள்களுக்கும் மனைவிக்கும் சமப் பங்கு உண்டு. வீடு உங்கள் ஐயாவின் சொந்தச் சம்பாத்தியம் என்று நீங்களே எழுதியிருப்பதால், அத்தைமார் வழிக்கும் சமப் பங்கு இருக்கும் என்றே எந்த வாங்குபவரின் வழக்கறிஞரும் எடுத்துக்கொள்வார். கூட்டுக் குடும்பச் சொத்து என்று வாதிட்டாலும் மகள்களின் உரிமை முற்றிலும் மறைவதில்லை. 1989-இன் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-இன் மத்தியத் திருத்தம், 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஆகிய மூன்றும் மகளின் பக்கத்தை வலுப்படுத்தியவை. குடியிருப்பு வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை பெண் வாரிசுகள் பாகம் பிரிக்கக் கேட்க முடியாது என்று பழைய சட்டத்தில் இருந்த விதியும் 2005-இல் நீக்கப்பட்டுவிட்டது. அத்தைமார் இப்போது இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள், பிள்ளைகள் இல்லாமல் இறந்தவருக்கு அவர்களின் வாரிசுகள் என்று பட்டியல் நீளும். குடும்பத்தில் யாரேனும் சுவீகாரம் (தத்து) போயிருந்தாலோ வந்திருந்தாலோ, எந்த ஆண்டில் போனார், அதற்குப் பத்திரம் உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகரத்தார் குடும்பங்களில் பெரும்பாலான வாரிசுப் பட்டியல்கள் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

பட்டா பங்காளிகளின் பெயரில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்குக்கான ஆவணம், அதுவே உரிமையைத் தந்துவிடாது. அத்தைமார் வழியினர் விட்டுக்கொடுக்க மனமுவந்தால் அவர்களிடமிருந்து பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தினருக்குள் எழுதும் விடுதலை, பாகப்பிரிவினை, தானசெட்டில்மென்ட் ஆகிய பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை விற்பனைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு, உச்சவரம்பும் உண்டு. மனமில்லையென்றால் அவர்களையும் விற்பவர்களாகச் சேர்த்துப் பங்கு கொடுங்கள். வெள்ளைத் தாளில் ‘எனக்கு ஆட்சேபம் இல்லை’ என்று எழுதி வாங்கிய கடிதத்தை நம்பி ஒரு கோடி ரூபாய் கொடுப்பவர் கிடைக்க மாட்டார். கிடைத்தால், விலையில் அதற்கான தள்ளுபடியை முன்பே எடுத்துக்கொண்டிருப்பார்.

இங்கேதான் ‘இரண்டு ஆண்டு பொறுக்கலாமா’ என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. இரண்டு ஆண்டில் பள்ளத்தூரில் விலை ஏறுமா என்பது ஐயத்துக்குரியது. இரண்டு ஆண்டில் வீடு தேயும் என்பது உறுதி. ஆள் குடியிருக்காத வீட்டில் ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் ஓடு சரிகிறது, வளவின் தாழ்வாரத்தில் நீர் இறங்குகிறது, சுவரிடுக்கில் அரசங்கன்று முளைக்கிறது. தேக்கு தாங்கும், அதைத் தாங்கும் சுண்ணாம்புச் சுவர் தொடர்ந்து நனைந்தால் தாங்காது. அதைவிடப் பெரிய உறுதி, வாரிசுகள் பெருகுவது. ஏழு பங்காளிகளில் மூத்தவர்கள் எண்பதைக் கடந்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் காலமானால் அந்த ஒரு கையெழுத்து மூன்றோ நான்கோ ஆகும், அவர்களில் ஒருவர் அமெரிக்காவிலும் ஒருவர் மலேசியாவிலும் இருப்பார், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வந்து சேர ஓராண்டு ஆகலாம். நான் பார்த்த வரையில், விலை படியாமல் நின்றுபோன விற்பனைகளைவிடக் கையெழுத்துச் சேராமல் நின்றுபோனவை அதிகம். எனவே விற்பதா வேண்டாமா என்பதைப் பின்னர் முடிவு செய்தாலும், வாரிசுப் பட்டியலையும் விடுதலைப் பத்திரங்களையும் இப்போதே முடித்துவிடுவது நல்லது. அது முடிந்த வீட்டுக்கும் முடியாத வீட்டுக்கும் உள்ள விலை வேறுபாடு, எந்த இரண்டு ஆண்டு விலையேற்றத்தையும்விடப் பெரிது என்பது என் கணிப்பு.

ஏழு பேரும் ஒத்துவரவில்லை என்றால் ‘என் பங்கை மட்டும் விற்றுவிடலாமே’ என்று தோன்றும். சட்டம் அதைத் தடுக்கவில்லை, ஆனால் பயனில்லாமல் ஆக்கியிருக்கிறது. பிரிபடாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாருக்கு மற்றவர்களோடு சேர்ந்து வீட்டை அனுபவிக்கும் உரிமை இல்லை என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், நீதிமன்றம் வைக்கும் விலைக்கு அந்தப் பங்கைக் குடும்பத்தவரே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. இதைத் தெரிந்தவர் யாரும் நல்ல விலைக்கு ஒற்றைப் பங்கை வாங்க வருவதில்லை. வழக்கு வாங்கும் துணிவு உள்ளவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்கு விற்றால் மற்ற பங்காளிகளின் முகத்தில் விழிக்க முடியாது. விற்பதானால் பங்காளிகளில் ஒருவருக்கே விற்பதுதான் சரியான வழி. முன்னோருக்குப் படைக்கும் படைப்பு அந்த வீட்டில்தான் நடக்கிறது என்றால் அந்தப் பேச்சை விலைப் பேச்சுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பதிவு நாளன்று யாராவது ஒருவர் மனம் மாறுவார்.

நான் கண்டிப்பாகச் செய்ய வேண்டாம் என்று சொல்வது இரண்டு. ஒன்று, வீட்டை விற்பதற்கு முன் கதவையோ தூணையோ கண்ணாடியையோ தனியாக விற்காதீர்கள். முகப்பு நிலைக்கதவு போன வீட்டை விடுதிக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவுக்குக் கிடைத்த சில லட்சத்துக்காக வீட்டை இரண்டாவது வகை வாங்குபவரிடமிருந்து முதல் வகைக்குத் தள்ளிவிட்டதாக ஆகும். மற்றொன்று, முன்பணம் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்காதீர்கள். தரகர் சிறிய முன்பணம் கொடுத்துப் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டு, அதற்குள் வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவது இங்கே பழக்கமான முறை. அதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் சாவி கைமாறிய பின் முதலில் வெளியேறுவது மரம், பிறகு விற்பனை நின்றுபோனால் உங்களிடம் மிஞ்சுவது சுவர். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தில் வாங்குபவரின் பெயர், தொகை, கெடு, கெடு தவறினால் என்ன என்பது தெளிவாக இருக்கட்டும்.

விற்காமல் வைத்துக்கொள்ளவும் ஒரு வழி உண்டு: விடுதி நடத்துபவருக்கு நீண்டகாலக் குத்தகை. பழுதுபார்க்கும் செலவைக் குத்தகைதாரர் ஏற்பார், உரிமை குடும்பத்தில் நிற்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால் மேலே சொன்ன வேலை இதிலும் மிச்சமாகாது. படப்பிடிப்பு வாடகையை நம்பி வீட்டை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கானாடுகாத்தானில் பெயர்பெற்ற சில வீடுகளுக்குக் கிடைப்பது எல்லா வீட்டுக்கும் கிடைக்காது.

காரைக்குடிக்கு வருவோம். அங்கே விலைப்போக்கு என்று பேசுவதற்குப் பொருள் உண்டு, ஏனெனில் வாங்குபவர்கள் பலதரப்பட்டவர்கள், ஆண்டு முழுவதும் பதிவுகள் நடக்கின்றன. அழகப்பா பல்கலைக்கழகம், மத்திய மின்வேதியியல் ஆய்வு மையம், பொறியியல் கல்லூரி, பள்ளிகள், மருத்துவமனைகள் ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்கள், வெளிநாட்டில் சம்பாதிக்கும் சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டத்துக் குடும்பங்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சுற்று ஊர்களிலிருந்து வருபவர்கள், ஓய்வு பெற்றுச் சென்னையிலிருந்து பல்லவன் ரயில் ஏறித் திரும்புபவர்கள் என்று தேவை பல பக்கத்திலிருந்து வருகிறது. இதனால் விலை திடீரென்று விழுவது அரிது. அதே காரணத்தால் திடீரென்று இரட்டிப்பதும் அரிது. செக்காலை, சுப்பிரமணியபுரம், கல்லூரிச் சாலைப் பக்கம் வெற்று மனை அபூர்வம், பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்டுகிறார்கள். கழனிவாசல், அரியக்குடி, கோவிலூர், மானகிரி என்று வெளிப்பக்கம் போகப் போக மனைப்பிரிவுகள் நிறைய உள்ளன. அங்கே விற்கப்படும் மனைகளில் வீடு கட்டியவை எத்தனை என்று ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பத்தாண்டுக்கு முன் விற்றுத் தீர்ந்த மனைப்பிரிவில் நான்கு வீடுகளில் மட்டும் விளக்கு எரிந்தால், அங்கே வாங்கியவர்கள் எல்லோரும் விற்கக் காத்திருப்பவர்கள் என்று பொருள்; நீங்கள் விற்கப் போகும்போது அவர்கள் அனைவரும் உங்களுக்குப் போட்டி.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சியானது. கோட்டையூர், கண்டனூர் முதலிய அண்டை ஊர்கள் அதில் இணைந்தன. மாநகராட்சி என்ற பெயரால் சாலையும் பாதாளச் சாக்கடையும் குடிநீரும் வெளிப்பகுதிகளுக்கு வரும்போது விலை ஏறும். எப்போது வரும் என்பதில் ஐயம் உண்டு, சொத்துவரி கூடுவதில் ஐயம் இல்லை. செட்டிநாடு ரயில் நிலையத்தின் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. அங்கே விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும்போதெல்லாம் மனை விற்பவர்கள் துண்டுச்சீட்டு அச்சடிக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு நான் ஒரு ரூபாயும் மதிப்பு வைப்பதில்லை.

இரண்டு ஆண்டில் லாபம் பார்ப்பதற்காக மனை வாங்குவதானால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து 7 விழுக்காடு, 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 20 லட்சம் ரூபாய் மனைக்கு 1.80 லட்சம் அப்படியே போகும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு, உங்கள் தொகைக்கு அது பொருந்தாது. வாங்கும்போதும் விற்கும்போதும் தரகு சேர்த்தால், மனை விலை 12 விழுக்காடு ஏறினால்தான் போட்ட முதல் கைக்கு வரும். அந்த இரண்டு ஆண்டு வைப்புத்தொகை வட்டியையும் கூட்டினால் கிட்டத்தட்ட 25 விழுக்காடு ஏற வேண்டும். வெளிப்பகுதி மனை இரண்டு ஆண்டில் அவ்வளவு ஏறும் என்று பொறுப்புள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். கட்டிய வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டாலும், ஆண்டு வாடகை வீட்டு விலையில் நூற்றுக்கு மூன்று ரூபாயைத் தாண்டுவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் என் விடை வேறு: பத்தாண்டுக் கணக்கில் காரைக்குடி நல்ல இடம், தயங்காமல் வாங்கலாம்.

அப்படி வாங்கும்போது, மனைப்பிரிவு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்த பின் பலர் மாட்டிக்கொண்டார்கள். இந்தப் பகுதி கண்மாயும் ஊரணியுமாக இருந்த பூமி. கோவில் நிலங்களும் அதிகம், பழைய ஜமீன் நிலங்களும் உண்டு. நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் எடுத்து, வரத்துக்கால்வாய் எங்கே போகிறது என்று நேரில் நடந்து பாருங்கள். பெருமழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. நிலத்தடி நீர் எல்லாத் திசையிலும் ஒன்று போல இல்லை. நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்ற சம்பை ஊற்றின் பெயரைச் சொல்லி ஊர் முழுவதற்கும் மனை விற்பார்கள், நீங்கள் பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும் தண்ணீரின் சுவையையும் கேளுங்கள்.

வரியைப் பற்றி ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது உங்கள் திட்டத்தையே மாற்றக்கூடியது. பரம்பரையாக வந்த வீட்டுக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், அது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. உங்கள் கைக்கு 20 லட்சம் வருகிறது, 2001-இல் உங்கள் பங்கின் மதிப்பு 3 லட்சம் என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். லாபம் 17 லட்சம், அதற்கு 12.5 விழுக்காடு வரி 2,12,500 ரூபாய். 2024 ஜூலை 23-க்கு முன் வந்த சொத்து என்பதால், இந்தியாவில் வசிக்கும் உங்களுக்குப் பணவீக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு 20 விழுக்காடு கட்டும் வழியும் திறந்திருக்கிறது. 2001-02-இன் குறியீட்டை 100 என்று கொண்டால் 2025-26-இன் குறியீடு 376 என்பதால் 3 லட்சம் 11.28 லட்சமாகும், லாபம் 8.72 லட்சம், வரி 1,74,400 ரூபாய். சிங்கப்பூர்ப் பங்காளிக்கு இந்த இரண்டாவது வழி இல்லை. தவிர, அவருக்குக் கொடுக்கும் தொகையில் வாங்குபவர் கூடுதல் விகிதத்தில் வரி பிடிக்க வேண்டியிருக்கும், அதைக் குறைக்கும் சான்றை வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளட்டும். அவர் வர இயலாவிட்டால் அனுப்பும் பொது அதிகாரப் பத்திரத்தை இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பமிட்டு, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

லாபத்தை வேறொரு வீட்டில் போட்டால் இந்த வரி விலக்கப்படும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது சரி, ஆனால் வீட்டுக்குத்தான் அந்த விலக்கு, வெற்று மனைக்கு அல்ல. மனை வாங்கினால் விற்ற நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அதில் வீடு கட்டி முடித்திருக்க வேண்டும். கட்டிய வீட்டை வாங்குவதானால் விற்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள்ளோ பிந்தைய இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் பணத்தை வங்கியில் இதற்கென்றே உள்ள மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது போல ‘மனை வாங்கிப் போட்டு’ வைத்தால் விலக்கும் கிடையாது, மேலே சொன்ன 9 விழுக்காடும் போகும். ஒரு பகுதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று தரகர் சொன்னால் மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கம் வாங்கினால் அதே தொகை அபராதமாக வரலாம், வழிகாட்டி மதிப்பு பத்திர விலையைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக இருந்தால் வருமான வரித் துறை வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையாகக் கொள்ளும்.

தரகரிடம் இப்போது ஆம் என்றும் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். ஐயாவின் இறப்புச் சான்று, வீட்டின் மூலப் பத்திரம் அல்லது நத்தம் பட்டா, கிடைக்கும் அளவு பின்னோக்கிய வில்லங்கச் சான்று, அத்தைமார் வழியையும் சேர்த்த வாரிசுப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சொத்து வழக்குகளைப் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். ஆடியில் பெரும்பாலோர் கிரையம் செய்வதில்லை, தை மாதத்தில் வெளிநாட்டுப் பங்காளிகள் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் ஊர் வருவார்கள். விடுதலைப் பத்திரங்களை அந்த வருகையோடு பொருத்திக்கொண்டால் ஒரே நாளில் பல கையெழுத்துகள் முடியும். அதற்குள் உடைந்த ஓடுகளை மாற்றி, வளவின் தூம்பை அடைப்பு எடுத்து, அரசங்கன்றை வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை ஏழு பங்காகப் பிரித்துக் கேட்கும்போதே யார் யார் விற்பனைக்கு ஒத்துவருவார்கள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.